கோகிலவாணியின் கடைசி அரியர்

கோகிலவாணி காய்ச்சலில் செத்துப்போய் ஆறு மாதம் கழித்து, விடிய விடியப் பெய்த மழை வெறித்திருந்த ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, ஹால் டிக்கெட் போட்டோவில் உடுத்தியிருந்த அதே மஞ்சள் சுடிதாரோடும் இரண்டு நீலப் பேனாக்களோடும், தன் பி.ஏ. ஆங்கில இலக்கியப் படிப்பில் மிச்சம் கிடந்த ஒரே ஒரு பேப்பரை எழுதுவதற்காக ஊருக்குத் தெற்கே இருந்த கலைக் கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் வந்தாளா, நடந்து வந்தாளா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, பின்னால் யாரும் கேட்கவும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுத் தகரக் கொட்டகைக்குக் கீழே அவள் அம்மா மயிலாத்தாள் ஹால் டிக்கெட்டைப் பாலிதீன் கவரில் போட்டு மாரோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் நேராக அவளிடம் வந்து, "நேரமாச்சும்மா, குடு. நோட்டு கொண்டாந்தியா?" என்று கேட்டாள். மயிலாத்தாள் தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினாள். "சரி, பரவால்ல," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

செத்தவளின் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு பெற்றவள் அங்கே எதற்கு நின்றாள் என்றால், அது அவள் வாயில் வராமல்போன ஒரு சொல்லால் வந்தது. ஆடி மாதத்தில் மதிப்பெண் பட்டியலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆபீஸ் கிளார்க் திருஞானம் கம்ப்யூட்டரைவிட்டுத் தலையை எடுக்காமலே, "கோகிலவாணிங்களா? எல்லாம் பாஸ். ஃபொனெட்டிக்ஸ் ஒண்ணுதான் அரியர் நிக்குது. நவம்பர்ல எழுதறாளா?" என்று கேட்டார். அவள் இல்லை என்ற அந்தச் சொல்லை மயிலாத்தாள் மூன்று மாதமாக யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் வரவில்லை, சாவுக்கு வந்த ஊருக்கு எல்லாம் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எழுதுவாளுங்க," என்று வந்தது. அவர் படிவத்தை நிரப்பித் தர, அவள் கையெழுத்துப் போட்டாள். ஹால் டிக்கெட் வந்த பிறகு அதை வீட்டில் சும்மா போட்டுவைக்க மனசு கேட்கவில்லை, பரீட்சை நாளன்று எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

மயிலாத்தாள் இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தைத்து வரும் பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போய், தையல் விட்ட இடம், ஓட்டை விழுந்த இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி இடது பக்கம் போடுவாள், பழுதில்லாத பீஸை வலது பக்கம் வைப்பாள். இடது பக்கம் போனது தைத்தவள் கைக்கே திரும்பிப் போகும். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்த துரை அவள் மேஜைக்கு முன்னால் நின்று, அவள் கையைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். மேனேஜர் சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள், மயிலாத்தாளும் சிரித்துவைத்தாள். அந்த ஆள் மெச்சினாரா வைதாரா என்று அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தெரியவில்லை. சோறு கொண்டுவந்திருந்த பத்தாவது படிக்கும் கோகிலவாணி கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது முடித்ததும், ஒறம்பரைச் சனம் முழுக்க நர்ஸுக்குப் படி, கணக்குப் படி என்று ஆளாளுக்குச் சொல்ல, இங்கிலீஷ்தான் படிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முதல் வருடம் வகுப்பில் ஒரு வரி விளங்கவில்லை, ஆறு பேப்பரில் அரியர் விழுந்தது. அழுதாள், சோறு உண்ணாமல் கிடந்தாள், பிறகு எழுந்து உட்கார்ந்து படித்தாள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடத்தில் வரும் கதைகளை இங்கிலீஷில் சொல்லுவாள். மயிலாத்தாள் ஒன்றும் புரியாமல் 'ம்' கொட்டுவாள், எங்கே அழ வேண்டும் என்பதை மகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அழுவாள். அரியர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி முடித்து, ஃபொனெட்டிக்ஸ் ஒன்று மட்டும் நின்ற நேரத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் அவளைக் கொண்டுபோனது.

அன்றைக்கு ஹாலுக்குள் அவளை முதலில் அடையாளம் கண்டவர் அவளுக்குப் பாடம் நடத்திய ஹேமாவதி மேடம். சாவுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனவர். வராந்தாவில் நடந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்து அப்படியே நின்றார், பிறகு போய் முதல்வரிடம் சொன்னார். முதல்வர் பரீட்சை விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். செல்போன் கூடாது, பிட் கூடாது, அடுத்தவர் ஹால் டிக்கெட்டில் எழுதக் கூடாது என்று இருந்ததே தவிர, செத்தவர் எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

"போட்டோ ஒத்துப்போகுதுங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துப்போகுதுங்க சார்."

"கையெழுத்து?"

"அதே கையெழுத்துத்தானுங்க."

"அப்ப எழுதட்டும். மழை வந்தா கரண்ட் போயிரும், ஜன்னலோரமா உட்கார வைங்க."

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். ஐந்து மாதம் கழித்து, தகுதியுள்ள மாணவர் அனைவரையும் அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரியில் பதில் வந்தது, அதைக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு மணிக்கு மணி அடித்ததும் கோகிலவாணி வெளியே வந்து கொட்டகைக்குக் கீழே அம்மாவோடு உட்கார்ந்து தூக்குப்போசியிலிருந்த அரிசியும் பருப்பும் சோற்றை வழித்து உண்டாள். அவள் கை குளிர்ந்தும் இல்லை, சுட்டும் இல்லை. மயிலாத்தாள் ஒன்றும் கேட்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்டால் போய்விடுவாளோ என்று பயம். பத்து நிமிடம் ஆனதும் மகள் எழுந்து, "போய்ட்டு வர்றேன்மா," என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கொய்யாப்பழ வண்டியைத் தாண்டும் வரைக்கும் தெரிந்தாள், அதற்கு அப்புறம் தெரியவில்லை. தை மாதம் ரிசல்ட் வந்தது. எழுபத்தைந்துக்கு இருபத்தாறு. இன்னும் நாலு மார்க் வாங்கியிருந்தால் பாஸ். மயிலாத்தாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள், பிள்ளை ஃபெயிலானதற்குத் தேங்காய் உடைத்த பெற்றவள் அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சித்திரையில் மறுபடி படிவம் போட்டாள், மகள் மறுபடி வந்தாள். ஊர் இதற்குள் விஷயத்தைத் தன் வழக்கப்படி உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது. செத்தது திரும்பி வந்தால் குடும்பத்துக்கு ஆகாதே என்று பெரியவர்கள் பூசாரியிடம் போய்க் கேட்டதற்கு, "அது பரீட்சைக்குத்தானே வருது, வீட்டுக்கா வருது? எழுதிட்டுப் போகட்டும் உடுங்க," என்று அவர் முடித்துவிட்டார். கம்பெனியில் மயிலாத்தாளின் அரை நாள் லீவுச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'மகள் பரீட்சை' என்று எழுதி சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோகிலவாணி எழுதும் ஹாலில் உட்கார்ந்தவர்கள் யாரும் பிட் அடிக்கவில்லை. அத்தனை தூரத்திலிருந்து வருகிறவளே பார்த்து எழுதாதபோது நாம் எப்படி என்று அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்பதரை மணிக்கே கொட்டகை முன்னால் ஜனங்கள் கூடிவிடுவார்கள். எங்க அப்பனைப் பார்த்தியா, பீரோ சாவியை எங்கே வச்சார்னு கேளு, எங்க அக்கா அங்கே சுகமா என்று ஆளாளுக்கு மறித்துக் கேட்பார்கள். "தெரியலீங்க, நான் பரீட்சைக்கு மட்டும்தானுங்க வர்றேன்," என்று அவள் பணிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். நாள்பட, கேட்கிறவர்கள் குறைந்து போனார்கள். அவள் அப்பாவை யாரும் விசாரிக்கவில்லை. அவள் ஏழாவது படிக்கும்போது மில் லாரியில் அடிபட்டுப் போனவர், எந்தப் பரீட்சையும் எழுதாதவர், அவருக்கு வருவதற்கு வழி எதுவும் இல்லை.

ஓயாமல் வந்தது சென்னியப்பன் ஒருவர்தான். பக்கத்து ஊரில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர். அவர் மகனும் அதே கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். அவர் மகனுடைய மதிப்பெண் பட்டியல்கள் ஆறையும் எடுத்துக்கொண்டு திருஞானத்திடம் போய், எங்கேயாவது ஒரு பேப்பர் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்றும் விடவில்லை. "ஒண்ணுலயாவது கோட்டை உட்டிருக்கக் கூடாதுங்களா அம்மிணி," என்று மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நல்லாப் படி, நல்லாப் படின்னு நாந்தானுங்க அடிச்சேன்." அதற்கப்புறம் ஒவ்வொரு பரீட்சைக்கும் வந்து, கோகிலவாணி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துவிட்டு, அவள் கையில் ஒரு சீப்பு பூவன்பழம் கொடுத்துவிட்டுப் போவார்.

இனி மயிலாத்தாள் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும். கோகிலவாணிக்கு இருக்கிற இடத்தில் புத்தகம் கிடையாது, வாசலுக்கு வந்ததிலிருந்து மணி அடிக்கும் வரைக்குமான கால் மணி நேரம்தான் அவளுக்குப் படிக்கக் கிடைத்த நேரம். வந்ததும் முதல் கேள்வி, "நோட்டு கொண்டாந்தியாம்மா?" என்பதுதான். முதல் தடவை மயிலாத்தாளுக்கு உண்மையிலேயே தெரியாது. இரண்டாவது தடவை அந்த நீல அட்டை போட்ட ஃபொனெட்டிக்ஸ் நோட்டைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டுத்தான் கொண்டுவந்தாள். மகள் தூரத்தில் மஞ்சளாக வருவதைப் பார்த்ததும், இவள் பாஸாகிவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு யார் வருவார்கள் என்று நெஞ்சில் வந்து உதைத்தது. நோட்டு தூக்குப்போசிக்கு அடியிலேயே கிடந்தது. "மறந்துட்டேன் சாமி," என்றாள். மூன்றாம் தடவை மறந்துட்டேன், நாலாம் தடவை மறந்துட்டேன். கோகிலவாணி ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் எல்லாத்தையும் மறந்துட்டுத்தானேம்மா வர்றேன்," என்று சிரித்துவிட்டு உள்ளே போய், அங்கிருந்து இருபத்தேழு, இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். சென்னியப்பனுக்கு மட்டும் இது தெரியும். "மறந்தே போயிருங்க அம்மிணி, தப்பே இல்ல," என்பார் அவர்.

மூன்றாம் வருடம் கார்த்திகையில், ஐந்தாவது தடவை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தபோது கோகிலவாணி வலது காலை நீட்டிக் கெண்டைச் சதையைப் பிசைந்துவிட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மயிலாத்தாள், இத்தனை நாளும் தான் கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்டாள். ஊர் முழுக்கத் தன் தன் செத்தவரைப் பற்றிக் கேட்டதே தவிர, அவளைப் பற்றி அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

"இந்த ஆறு மாசமும் எங்க சாமி இருக்கற?"

"ஹால்லதாம்மா."

"எந்த ஹால்ல?"

"இதே ஹால்லதான். நீ பார்க்கறப்ப பஸ்ஸுக்குப் போறேன், ஆனா அங்கதான் போய்ச் சேர்றேன். யாரும் இருக்க மாட்டாங்க. பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன், முன்னால வெள்ளைப் பேப்பர் இருக்கும். கொஸ்டின் பேப்பர் வரட்டும்னு பார்த்துட்டே இருப்பேன்."

"பயமா இருக்குதா கண்ணு?"

"பயமெல்லாம் இல்லம்மா. கால்தான் மரத்துப் போயிருது."

"எந்திரிச்சுச் சித்த நடக்கறது?"

"எழுதி முடிக்காம எப்படிம்மா எந்திரிக்கறது?" என்று சொல்லி, சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ சாதாரணச் சேதி மாதிரி அடுத்ததைச் சொன்னாள். "அப்பாதான் பாவம். வெளிய சைக்கிளோட நிக்கறாரு. முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு பெல் அடிச்சுட்டே இருக்காரு. பள்ளிக்கூடத்துல நிப்பாரே, அது மாதிரியே."

மகள் போன பிறகும் மயிலாத்தாள் அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதம், ஆறு மாதம், ஆறு மாதம் என்று தான் கூட்டிக்கொண்டே போனதெல்லாம் அந்தப் பிள்ளை ஒற்றை பெஞ்சில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த காலம் என்பதும், கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மனுசன் வெயிலோ மழையோ நின்றுகொண்டிருக்கிறார் என்பதும் அவளைக் கொன்றது. கூட்டிப்போக ஆள் வந்து நிற்கிற பிள்ளையை அவள் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிடித்துவைத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீல நோட்டை எடுத்துக்கொண்டு ஹேமாவதி மேடம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடம் அவளை ஒரு வார்த்தை வையவில்லை. காபி கொடுத்தார். பிறகு சொன்னார், "வர்ற சித்திரையோட பழைய சிலபஸுக்கு முடிஞ்சுதுங்க. அதுக்கப்புறம் அவ எழுதவே முடியாது. பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது."

"அப்ப அந்த பெஞ்சுலயே?"

"தெரியலீங்கம்மா."

நோட்டை மட்டும் கொடுத்தால் போதாது என்றும் மேடம் சொன்னார். ஃபொனெட்டிக்ஸ் என்பது இங்கிலீஷின் நாற்பத்து நாலு சத்தமும் வாயில் எங்கே பிறக்கிறது, நாக்கு எங்கே படுகிறது, மூச்சு எந்த வழியில் போகிறது என்று சொல்லும் பாடம். "உயிரோட இருக்கறவங்க ஹால்ல உட்கார்ந்து வாயை அசைச்சுப் பார்த்தே எழுதிருவாங்க. அவகிட்ட மூச்சு இல்லையே, எதை வச்சுப் பார்ப்பா? அங்கதான் ஒவ்வொரு தடவையும் விட்டுட்டு வர்றா. கால் மணி நேரத்துல யாராவது செஞ்சு காட்டணும்."

"எனக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள் மயிலாத்தாள்.

ஒரு இங்கிலீஷ் எழுத்தும் தெரியாத அவள், மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் ஞாயிறு தவறாமல் மேடம் வீட்டில் உட்கார்ந்து, மேடத்தின் வாயைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சத்தமாக வாங்கிக்கொண்டு வந்தாள். உதட்டை ஒட்டித் திறந்தால் ஒரு சத்தம், கீழுதட்டை மேல்பல்லில் லேசாகக் கொடுத்துக் காற்றை விட்டால் ஒரு சத்தம், அதே இடத்தில் தொண்டையை அதிரவிட்டால் வேறொரு சத்தம். கம்பெனியில் பனியனைத் தடவிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பக்கத்து மேஜைப் பெண்கள் விஷயம் தெரிந்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் நீட்டிக் காற்று விடும் சத்தத்தை மேஜைக்கு மேஜை பழகிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து, யாரைப் பார்த்து நாக்கை நீட்டறீங்க என்று சண்டைக்கு வந்தார், பிறகு அவரும் நீட்டிப் பார்த்தார். மாசி முடிவதற்குள் அந்த செக்கிங் செக்‌ஷனில் பதினெட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷின் அத்தனை சத்தமும் தெரிந்திருந்தது, அதில் ஒரு வார்த்தை யாருக்கும் தெரியாது.

சென்னியப்பன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்களுக்குத்தான் வர்ற புள்ள இருக்குது. அதையும் நீங்களே தொரத்தி உடறீங்களா?" என்று கேட்டார். "அவங்கப்பன் வந்து நிக்கறாருங்க," என்று மட்டும் சொன்னாள் மயிலாத்தாள்.

சித்திரைப் பரீட்சையன்று ஒன்பதே முக்காலுக்குக் கோகிலவாணி வந்தாள். வழக்கம்போல, "நோட்டு மறந்துட்டியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள், அது இப்போது கேள்வியாகக்கூட இல்லை. மயிலாத்தாள் நீல நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மகள் நோட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மயிலாத்தாள் கொட்டகைத் தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து முதல் சத்தத்தைச் செய்து காட்டினாள். கோகிலவாணி அந்த வாயையே பார்த்தாள். பேச்சு வருவதற்கு முன்னால், எட்டு மாதக் குழந்தையாக மடியில் கிடந்தபோது, அம்மா என்ன சொன்னாலும் கண் கொட்டாமல் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதே பார்வை. சத்தம் அதிர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இரண்டு விரலை எடுத்து அம்மாவின் தொண்டையில் வைத்தாள். மயிலாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தொண்டை வேறு மாதிரி அதிரும், பிள்ளை தப்பாக எழுதிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். நாற்பத்து நாலையும் செய்தாள். கடைசிச் சத்தம் முடிந்தபோது மணி அடித்தது.

ஒரு மணிக்கு வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே மயிலாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. கோகிலவாணி அவசரமில்லாமல் உண்டாள், விரலை நக்கினாள். "அம்மா, அந்த துரை அன்னிக்குச் சொன்னது எனக்கு ரெண்டாம் வருசமே புரிஞ்சுதும்மா. சொல்ல மறந்துட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"இந்தம்மா கண்ணால பார்க்கறதில்ல, விரலால பார்க்குது, இது கையில எந்தப் பழுதும் தப்பாதுன்னு சொன்னாரு. மெச்சினதுதாம்மா."

"அப்புறம் எதுக்குச் சிரிச்சாங்க?"

"சும்மாதான். பெரிய மனுசன் பேசினா சிரிப்பாங்கல்ல."

பத்து நிமிடம் ஆனது. இந்தத் தடவை அவள் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லவில்லை. அம்மாவின் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு," என்றாள் மயிலாத்தாள், "பின்னால கெட்டியாப் புடிச்சு உட்கார் சாமி, அந்த மனுசன் வேகமா ஓட்டுவாரு." அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். கொய்யாப்பழ வண்டியைத் தாண்டிய பிறகும் மயிலாத்தாள் கேட்டுக்கொண்டே நின்றாள், சைக்கிள் பெல் ஒரு தடவை கேட்டது. ஸ்டாண்டிலிருந்து எடுத்துப்போன பையன் எவனாவது அடித்ததாகக்கூட இருக்கலாம்.

ஐம்பத்து மூன்று மார்க் வந்தது. செக்கிங் செக்‌ஷனில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள், கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். கார்த்திகை வந்ததும் கால் கேட்காமல் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கொட்டகையில் நின்றாள். முந்நூறு பிள்ளைகள் உள்ளே போனார்கள். சென்னியப்பனும் வந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம் அம்மிணி," என்று சொல்லி, கொண்டுவந்திருந்த பழச் சீப்பை அவள் கையில் கொடுத்தார்.

தை மாதத்தில் பட்டம் வந்திருக்கிறது என்று தகவல் வர, கல்லூரி ஆபீஸுக்குப் போனாள். இந்தத் தடவை திருஞானம் தலையை நிமிர்த்திப் பார்த்தார், எழுந்து நின்று உறையைப் பிரித்து, தடித்த தாளில் இங்கிலீஷில் அச்சடித்த பட்டத்தை எடுத்து அவள் முன்னால் மேஜையில் வைத்தார். தினமும் எல்லாரிடமும் சொல்லும் வார்த்தைகள் வாயில் தானாக வந்தன. "நல்லாப் பார்த்துக்குங்க. பேர்லயோ நம்பர்லயோ தப்பு இருந்தாலும் சரி, தாள்ல கறை, கிழிசல் இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடாதீங்க. திருப்பி அனுப்பிரலாம். ஆனா அதுக்குப் படிச்சவங்களேதான் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"நேர்லயே வரணும்ங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"ஆமாங்க."

"ஹால் டிக்கெட் மாதிரி ஏதாச்சும் அனுப்புவாங்களா?"

"மெமோ ஒண்ணு வரும்ங்க," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

மயிலாத்தாள் பட்டத்தை டியூப் லைட்டுக்கு நேராக நகர்த்தினாள். பையிலிருந்து பழைய ஹால் டிக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரை எழுத்துக்கு எழுத்து, வளைவுக்கு வளைவு, விரலால் தொட்டு ஒத்துப்பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். முத்திரையை, ஓரத்தை, நாலு மூலையை, திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மாரியாத்தா, ஒரு எழுத்தாவது குறைஞ்சிருக்கட்டும், ஒரு பொட்டுக் கறையாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மேஜை ஓரத்தில் கைரேகை வைக்கும் மைப்பெட்டி திறந்து கிடந்தது. கட்டைவிரலை அதில் ஒரு தொடு தொட்டுப் பட்டத்தில் வைத்தால் போதும், கறையாகிவிடும். அவள் அந்த மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, மரத்துப்போன காலை நீவிவிட்டுக்கொண்ட மகளின் அந்தக் கையை நினைத்துக்கொண்டு, மூன்றாம் முறையாக விரலை முதல் எழுத்தில் வைத்துக் கடைசிப் புள்ளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். பழுது எதுவும் இல்லை. பேனாவை வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து, மேஜையின் வலது பக்கம் வைத்தாள்.